முதல் தட்டு சர்வேயருக்கு

ரசத்தில் ஒயின் ஊற்றும்போது லெயார்கோ சவாட்சி உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து நின்று, நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளி, மூலையில் எரியும் கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிண்ணத்தை இடது கையில் ஏந்துவார். கிண்ணத்தில் பாதிக்குக் கொதிக்கும் மாட்டிறைச்சி ரசம். அதில் மெல்லிய மாவுக்குள் விரல்நுனி அளவுக்கு மடித்த ஆறேழு இறைச்சிப் பொட்டலங்கள் மிதக்கும். வலது கையால் நுரை பொங்கும் சிவப்பு லாம்ப்ருஸ்கோ ஒயினை விளிம்புவரை ஊற்றுவார். ரசம் ஊதா நிறமாகும். வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் குடித்து முடித்து, மீசையைப் புறங்கையால் துடைத்து, "ஆ, இப்போதான் வயித்துல விளக்கு ஏத்தியாச்சு" என்பார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காலையில் தேவாலயத்தில் தொடங்குவதாகப் பாதிரியார் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அறுபத்தொரு வயது. தொழில் நில அளவை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். சர்வேயர் என்றால் அவர்தான். எங்கள் வட இத்தாலியின் போ நதி சில வருடங்களுக்கு ஒருமுறை கரையேறி வந்து வயல்களைச் சேற்றால் மெழுகிவிட்டுப் போகும். வேலிகள் காணாமல் போகும், எல்லைக் கற்கள் புதைந்துபோகும், அதுவரை ஒன்றாகச் சீட்டாடிய அண்டை வயல்காரர்கள் வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது முழங்கால்வரை ரப்பர் பூட்சும் தோளில் அளவைக் கருவியின் முக்காலியுமாக லெயார்கோ வருவார். இரண்டு தரப்பும் கத்தி முடிக்கும்வரை ஒரு சிகரெட் பிடிப்பார். அளப்பார். பிறகு ஓர் இடத்தைக் காட்டி, "இங்க தோண்டு" என்பார். கல் அங்கே இருக்கும். இரண்டு தரப்புக்குமே அவரைப் பிடிக்காது. அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு தரப்பும் அவரைத்தான் கூப்பிடும்.

இப்படி ஊருக்கெல்லாம் எல்லை வகுப்பவருக்குச் சாப்பாட்டு மேஜையில் எல்லை என்ற ஒன்றே கிடையாது. அவருடைய முள்கரண்டி மனைவி நீவெஸின் தட்டிலிருந்து மகள் மிர்காவின் தட்டுக்கும், அங்கிருந்து என் தட்டுக்கும் அனுமதி கேட்காமல் போய்வரும். "நிலத்துக்குத்தான் வேலி. தட்டுக்கு ஏது வேலி?" என்று வாய் நிறைய உணவோடு நியாயம் கேட்பார். நான் அவர்களுக்கு உறவில்லை. ஊரின் மருந்துக்கடை என்னுடையது; தனி ஆள். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலை மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேஜையில் வைத்துவிட்டார். தட்டைத் தொடர்ந்து நானும் போக வேண்டியதாயிற்று. இன்றுவரை அங்கேதான் உட்கார்கிறேன்.

அவருடைய முள்கரண்டி போகாத தட்டு ஒன்று உண்டு. அது மருமகன் வால்டருடையது. வால்டர் கிழக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஃபெராரா பக்கத்துக்காரன். எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, மெல்லிய மாவுக்குள் பூரணமாக வைத்து மடிக்கிறோம். நாங்கள் அதைத் தொர்தெல்லி என்கிறோம். உருக்கிய வெண்ணெய், அதில் பொரிந்த நாலு சேஜ் இலை, துருவிய பாலாடைக்கட்டி, அதோடு சரி. அவர்களோ மேலே கொத்திறைச்சிக் குழம்பை ஊற்றுகிறார்கள். மிர்கா முதன்முதலாக அவனை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, லெயார்கோ வேலை என்ன, குடும்பம் எப்படி என்று எதையும் விசாரிக்கவில்லை. "பரங்கிக்காய் மேல உங்க வீட்டுல என்ன ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டார். பையன் உண்மையைச் சொன்னான். அந்த நேர்மைக்காகத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்கிறார். அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்கிறாள் மிர்கா.

சாப்பாட்டுக்கடை ஆஃப்ராவுடையது. தேவாலயத்தின் பின்புறம், பன்னிரண்டு மேஜை. அவள் சமைக்கிறாள், கணவர் ஓரெஸ்தே பரிமாறுகிறார். ஆஃப்ராவும் லெயார்கோவும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அந்தப் பெஞ்சில் யார் யாருடைய பென்சிலைத் திருடினார்கள் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆஃப்ராவிடம் ஒரு விசித்திரம் உண்டு. தான் சமைத்ததைத் தான் ருசி பார்க்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "என் பரீட்சைத் தாளை நானே திருத்தினா பள்ளிக்கூடத்துல ஒத்துப்பாங்களா?" என்பாள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பெரிய அண்டாவில் தொர்தெல்லியைக் கொட்டுவதற்கு முன்னால், நாலே நாலைத் தனியாக வேகவைத்துச் சின்னத் தட்டில் வைத்து அனுப்புவாள். ஓரெஸ்தே அதை லெயார்கோவின் முன்னால் கொண்டுவந்து வைப்பார். அவர் கண்ணை மூடி ஒன்றை மெல்லுவார். பன்னிரண்டு மேஜையும் பேச்சை நிறுத்தும்.

பிறகு குற்றம் சொல்வார். பாராட்டி யாரும் கேட்டதில்லை.

"ஜாதிக்காய் ஒரு மூச்சு அதிகம்."

"மாவை யார் மேல இருக்கற கோவத்துல உருட்டின? முறைக்குது."

"பரங்கிக்காய் இன்னும் ரெண்டு நாள் சும்மா கெடந்திருக்கலாம். அவசரப்பட்டுட்ட."

ஓரெஸ்தே இதை உள்ளே போய்ச் சொல்வார். உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். "அவனை வந்து உருட்டச் சொல்லு!" என்று குரல் வரும். ஆனால் உப்போ வெண்ணெயோ உடனே திருத்தப்படும். ஜாதிக்காய் அடுத்த வாரம் குறையும். அதற்குப் பிறகுதான் அண்டாவில் மற்றவை இறங்கும். பக்கத்திலேயே நீவெஸும் அதே தொர்தெல்லியைச் சாப்பிடுவாள். எப்படி இருக்கிறது என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். முப்பத்துநாலு வருடமாக அதே இரண்டு சொற்கள்தாம்.

லெயார்கோவுக்குச் சமைக்கத் தெரியாது. முட்டை வேகவைப்பதற்கே மனைவியிடம் மூன்று கேள்வி கேட்பவர். ஆனால் ஒரே ஒன்று மட்டும் செய்வார், அதை அவரைத் தவிர வேறு யாரும் செய்ய விடமாட்டார்: மொஸ்தார்தா. உள்ளூரில் விளையும் சின்னஞ்சிறு புளிப்பு ஆப்பிளைச் சீவி, சர்க்கரையில் ஊறவைத்து, ஊறிய பாகை மட்டும் வடித்துக் காய்ச்சி மறுபடி பழத்தின் மேல் ஊற்றுவார். மூன்று நாள், மூன்று தடவை. ஆறியபின் கடுகுச் சாரத்தைச் சொட்டு சொட்டாக விடுவார். இனிப்பு முன்னால் வரவேண்டும், காரம் பின்னால் வந்து மூக்கின் உச்சியைத் தட்டிவிட்டுப் போகவேண்டும். இதை நறுக்கித்தான் ஆஃப்ரா பரங்கிக்காயோடும், கசப்பு பாதாம் பிஸ்கட்டுத் தூளோடும், பாலாடைக்கட்டியோடும் பிசைகிறாள். ஊரில் ஒவ்வொருவர் வாயிலும் ஞாயிறுதோறும் தன் கைவேலை ஒரு கடலைப்பருப்பு அளவாவது போகிறது என்பது அவருக்கு எல்லைக் கற்களைவிடப் பெருமை.

கடுகுச் சாரம் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அக்டோபர் வந்தால் காய்ச்சல் மாத்திரையைவிட அதைத்தான் நான் அதிகம் விற்கிறேன். சொட்டு விடும் மூடியோடு ஒரு குட்டிப் புட்டி. கிலோவுக்குப் பதினைந்து சொட்டு என்று நான் சொல்வேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கணக்கு வேறு என்று என்னைத் திருத்துவார்கள். லெயார்கோ வருடாவருடம் ஒரு புட்டி வாங்குவார். போன அக்டோபரில் மூன்று கேட்டார்.

"மூணா?"

"ஆப்பிள் நெறைய காய்ச்சிருக்கு டாக்டர்."

மருந்துக்கடைக்காரரை டாக்டர் என்று அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். டாக்டராக இருந்திருந்தால் நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பேன். அந்த வருடம் வசந்தத்தில் பனி அடித்து ஆப்பிள் பூவெல்லாம் உதிர்ந்தது எனக்கும் தெரியும். புட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு. வெளியே மூடுபனி, தேவாலய மணிக்கூண்டு பாதியோடு நின்றிருந்தது. கடை நிறைந்திருந்தது. நடுவில் நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு ஞானஸ்நான விருந்து. அன்றுதான் புது மொஸ்தார்தா. ஜாடியைத் திறந்தபோதே ஆஃப்ராவின் கண்ணில் நீர் வந்திருக்கிறது. புதுச் சரக்கு என்றால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். தன் கண்ணைவிட லெயார்கோவின் நாக்கை நம்புகிறவள். வழக்கம்போல நாலு தொர்தெல்லி வந்தன. வழக்கம்போல அவர் கண்ணை மூடினார்.

மூடிய கண்களின் ஓரத்திலிருந்து தாரையாகக் கண்ணீர் வழிந்தது. முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணைத் திறந்து, முதன்முறையாக, குற்றம் சொல்லாமல், "இதுதான்!" என்றார். "ஆஃப்ரா, இதுதாண்டி! இத்தனை நாள் எங்க வெச்சிருந்த இதை? போடு அண்டாவுல!"

சமையலறையிலிருந்து பாத்திரம் விழவில்லை. அந்த நிசப்தத்தில் ஆஃப்ராவின் ஐம்பது வருடத்துச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். அண்டா இறங்கியது. பன்னிரண்டு மேஜைக்கும் ஆவி பறக்கத் தட்டுகள் போயின.

அடுத்து நடந்ததை எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை உணர்ச்சிக்கு ஒரு நினைவுச் சின்னமாகவே கருதலாம். யாரும் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொருவரும் கோளாறு தங்கள் தொண்டையில் என்று நினைத்துக்கொண்டார்கள். நோட்டரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். வாசலோர மேஜையில் வருடக்கணக்காகப் பேசாமல் சாப்பிடும் ஒரு தம்பதி, எதிரெதிரே உட்கார்ந்து கண்ணீர் வடிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரி மனமுருகி அவர்கள் கையைப் பிடித்து வாழ்த்தினாள். ஞானஸ்நான மேஜையில் பாட்டனார் முதல் ஞானத்தாய்வரை எல்லோரும் விம்மினார்கள். குழந்தை மட்டும் அழவில்லை, அதற்குப் பல் முளைக்காததால் தொர்தெல்லி கொடுக்கவில்லை.

மௌனத்தை உடைத்தது வால்டர். வெளியூர்க்காரனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

"மாமா, இது சாப்பாடா, கண்ணீர்ப்புகையா?"

"உங்க ஊருல எறைச்சியை ஊத்தி நாக்கைக் கொன்னு வெச்சிருக்கீங்க. ருசி தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்றார் லெயார்கோ. அவருடைய கண்ணீர் தாடை வழியாகத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. தன் பங்கை முடித்துவிட்டு நீவெஸின் தட்டுக்கு முள்கரண்டியை நீட்டினார். நீவெஸ் தட்டையே அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

சமையலறைக் கதவு திறந்தது. இருமல் சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது. ஆஃப்ரா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நேராக எங்கள் மேஜைக்கு வந்தாள். யாரையும் கேட்காமல் லெயார்கோவின் கையிலிருந்த முள்கரண்டியைப் பிடுங்கி, நீவெஸ் தள்ளிய தட்டிலிருந்ததில் பாதியை வாயில் போட்டாள். தன் சமையலை அவள் ருசி பார்த்ததை நாங்கள் எல்லோரும் அன்றுதான் பார்த்தோம். இருமினாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குரலை இறக்கி, சாதாரணமாகக் கேட்டாள்.

"பாதாம் பிஸ்கட் தீர்ந்துபோச்சு லெயார்கோ. இன்னிக்குப் போடவே இல்லை. தெரிஞ்சுதா?"

"வாயில வெச்சதுமே தெரிஞ்சுது" என்றார் அவர். "சொல்லி உன் மனசை நோகடிப்பானேன்னு விட்டேன்."

"போட்டிருக்கேன்" என்றாள் ஆஃப்ரா. "முன்னூறு கிராம்."

மிர்கா, "அப்பா?" என்றாள். லெயார்கோ ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அது ஒன்றுமில்லாததாக ஆகும்வரை பிய்த்தார்.

"பிப்ரவரியில ஒரு ஜுரம் வந்துச்சே" என்றார். "அது போகும்போது மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. வரும் வரும்னு பாத்தேன். வரலை."

"பிப்ரவரி!" ஆஃப்ராவின் குரல் ஏறியது. "அப்போ மார்ச்சுல ஜாதிக்காய் அதிகம்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன்."

"ஜூன்ல மறுபடி சொன்னியே? நானும் கொறைச்சேன், கொறைச்சேன், இப்போ ஜாதிக்காயைப் பூரணத்துக்குக் காட்டிட்டு டப்பாவுல திருப்பி வெக்கறேன்! எல்லாம் சும்மாவா?"

"ஏதாவது ஒண்ணு சொல்லணுமே ஆஃப்ரா. சொல்லலைன்னா நீ பயந்துடுவே."

"பென்சில் திருடன்டா நீ" என்றாள் ஆஃப்ரா. சொல்லும்போது அவள் கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அன்று அந்த அறையில் எல்லோர் கண்ணிலும் நீர் இருந்ததால் அதற்குத் தனியாக எந்தப் பொருளும் சொல்ல முடியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். லெயார்கோ எழுந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாடு பாதியில் நிற்க வெளியேறினார். அவர் வெளியேறி இரண்டடி வைப்பதற்குள் மூடுபனி அவரை மறைத்துக்கொண்டது.

மறுநாள் என் மருந்துக்கடைக்கு வந்தார். மீதிப் புட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். அதில் நாலே சொட்டு இருந்தது. நான் புத்தக அறிவைச் சொன்னேன்: வாசனை ஒரு வழி, எரிச்சல் வேறு வழி, முதல் வழி அடைத்துப்போனாலும் இரண்டாவது திறந்திருக்கும், கடுகு இரண்டாவது வழியாகப் போகிற ஆள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். காய்ச்சின அன்னிக்குப் பதினஞ்சு சொட்டு விட்டு மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்லை. இருபது. இல்லை. நாப்பதாவது சொட்டுல சுர்ருனு உச்சிக்கு ஏறுச்சு. எட்டு மாசத்துல முதல் தடவையா என் மூக்குல ஏதோ நடந்துச்சு. அப்போ போயி நிறுத்தச் சொன்னா, எவன் நிறுத்துவான்?"

அவர் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். ஏழு கிலோ குறைந்திருந்தது. இறங்கி, இயந்திரத்தில் கோளாறு என்றார்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வரவில்லை. முதல் வாரம் நீவெஸும் வரவில்லை. ரொட்டியைத் தின்றுகொண்டு ரேடியோவில் கால்பந்து கேட்கிறார் என்று மிர்கா சொன்னாள். "மெத்தைப் பஞ்சை மென்னு முழுங்கறதுக்கு ஆஃப்ரா கடை எதுக்கு, வீட்டுலயே மெத்தை இருக்கேன்னு சொல்றார் டாக்டர்." அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆஃப்ராவின் பாடுதான் திண்டாட்டம். முதல் தட்டை யாருக்கு அனுப்புவது? நோட்டரிக்கு அனுப்பினாள். நோட்டரி நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அனுப்பினாள். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினாள்: "நல்லா இருக்குன்னு கேக்கறதுக்கா வேலை மெனக்கெட்டு அனுப்பறேன்? என்ன கொறைன்னு சொல்றதுக்கு இந்த ஊருல ஒரு மனுஷன் இல்லையா?" இதில் இன்னொரு சங்கடம். அந்த வருடத்துத் தொர்தெல்லி முன்னெப்போதையும்விட மென்மையாக இருந்ததாக நோட்டரி தானாகவே சொல்லித் தொலைத்தார். ஜாதிக்காய் குறைந்ததால் என்று அவருக்குத் தெரியாது. மூக்கில்லாத லெயார்கோ சொன்ன பொய், மூக்கிருந்த லெயார்கோ சொன்ன உண்மையைவிடச் சமையலுக்கு நல்லது செய்திருந்தது. ஆஃப்ராவுக்கு அது தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

மூன்றாவது ஞாயிறு நீவெஸ் மகளோடும் மருமகனோடும் வந்தாள். கணவரின் நாற்காலியைக் காலியாக விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓரெஸ்தே சின்னத் தட்டோடு வந்து, யார்முன் வைப்பதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் காலி நாற்காலியின் முன்னால் வைத்துவிட்டார். வைத்தபின் அவருக்கே தர்மசங்கடம். யாரும் தொடாமல் அது ஆறிக்கொண்டிருந்தது. வீணாகிறதே என்று நீவெஸ் முள்கரண்டியால் ஒன்றைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று ஓரெஸ்தே, பதில் தெரிந்தவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வெண்ணெய் ஒரு நிமிஷம் கூட நின்னுருச்சு" என்றாள் நீவெஸ். "லேசாக் கருகின வாடை. பரங்கிக்காய் போன வாரத்துது இல்லை, வேற தோட்டத்துது, தண்ணி விட்டிருக்கு. அதை இறுக்க சீஸ் கூடுதலாப் போட்டிருக்கா, அதனால உப்பு முன்னாடி வந்து நிக்குது."

ஓரெஸ்தே தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். தட்டு ஏற்கனவே மேஜையில்தான் இருந்தது. உள்ளே போய்ச் சொன்னார். பாத்திரம் விழுந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவை.

"அம்மா," என்றாள் மிர்கா, "முப்பத்துநாலு வருஷமா இதை ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டா? ஒரு மேஜைக்கு ஒருத்தர் கத்தினா போதாதா?"

இந்தச் செய்தி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். வால்டர் போன் செய்தான். மாமனாருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானாம். இரக்கம் வரவழைக்க முடியாதவரைப் பொறாமை வரவழைத்தது. திங்கட்கிழமை லெயார்கோ என் கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் நின்றார். "வேற தோட்டத்துப் பரங்கிக்காய்னு சொன்னாளாமே? நெசமாவே வேற தோட்டமா?" நான் விசாரித்து வைத்திருந்தேன். ஆம், வேறு தோட்டம்தான். "ம்" என்றார். போகும்போது எடை இயந்திரத்தை முறைத்தார்.

போன ஞாயிறு பன்னிரண்டேகாலுக்கு நீவெஸோடு வந்தார். சவ ஊர்வலங்களுக்கும் நீதிமன்றச் சாட்சிக்கும் மட்டும் கட்டும் டையைக் கட்டியிருந்தார். சண்டை போட்டுப் பிரிந்தவர் திரும்பி வந்தால் எங்கள் ஊரில் பனியைப் பற்றிப் பேசுவோம். பன்னிரண்டு மேஜையும் பனியைப் பற்றிப் பேசியது. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து மேஜைவிரிப்பின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.

சமையலறைக் கதவு முழுதாகத் திறந்தது. ஆஃப்ரா கரண்டியோடு நிலையில் சாய்ந்து நின்றாள். பின்னால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, அதில் இன்னும் ஒன்றும் இறங்கவில்லை. ஓரெஸ்தே சின்னத் தட்டோடு வந்தார். லெயார்கோவைப் பார்த்தார், நீவெஸைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில், அங்குலம் பிசகாமல் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தார். பனியைப் பற்றிய பேச்சு நின்றது.

"என்ன சர்வேயரே, யாரு பக்கம்?" என்று நிலையிலிருந்தே கேட்டாள் ஆஃப்ரா. கிண்டலாகக் கேட்கத்தான் நினைத்திருப்பாள். குரல் அப்படி வரவில்லை.

லெயார்கோ நாலு தொர்தெல்லியையும் வெகுநேரம் பார்த்தார். வெண்ணெய் உறையத் தொடங்கியது. பிறகு ஒற்றை விரலால் தட்டை நீவெஸ் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு."

"நீ?"

"நீ மொதல்ல. சும்மா நல்லாத்தான் இருக்குன்னு முடிச்சுடாதே. ஒண்ணொண்ணாச் சொல்லு. மொதல்ல என்ன வருது, அதுக்குப் பின்னாடி என்ன வருது, எது எங்க நிக்குது, எல்லாம்."

நீவெஸ் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். "மொதல்ல வெண்ணெய்" என்றாள்.

"வெண்ணெய்னா எப்படி?"

"இரு மனுஷா, மெல்ல விடு."

லெயார்கோ சட்டைப்பையைத் துழாவி, வரைபடம் பார்க்கும்போது மட்டும் போடும் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். டையின் நுனியால் அதை இரண்டு பக்கமும் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை அருகே இழுத்து, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, மெல்லுகிற மனைவியின் வாயைப் பார்த்தார்.